கஞ்சாவும் கருப்பையும்

கஞ்சா என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம்மவர் முகஞ்சுளிப்பர். அதனோடு கருப்பை என்னும் சொல்லையும் சேர்த்துக் கல்லூரி மலரொன்றில் அச்சிடுதல் தகுமோ என்று ஐயுறுவாரும் உளர். முன்னது குற்றத்தோடும் பின்னது நாணத்தோடும் பிணைக்கப்பட்டுக் கிடப்பதே அதற்குக் காரணம். ஆயினும், உயிர்நூல் பயிற்றுதலைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இவ்விரண்டினையும் ஒருங்கு வைத்து எண்ணாதிருத்தல் இயலாததாயிற்று. கஞ்சாச் செடியிலுள்ள மயக்கப் பொருளைப் பற்றிக்கொள்ளும் இடங்கள் நம் உடலினுள்ளேயே அமைந்திருக்கின்றன. அவ்விடங்களுக்குரிய பொருளை உடல் தானே ஆக்கிக்கொள்ளுகின்றது. அப்பொருள் காலமறிந்து கூடியும் குறைந்தும் நிற்றல் கருப்பையிற் கரு தங்குதற்குரிய ஏதுக்களுள் ஒன்றாகும். இச்செய்தி நம் மாணவியர்க்கும், அவரினும் சிறப்பாக மணம் முடித்து வேற்று நாடுகளிற் குடியேறிய நம் பழைய மாணவியர்க்கும் தெரிந்திருத்தல் நலம் என்று கருதுகின்றோம்.

அங்ஙனம் குடியேறிய ஒருவர், அமெரிக்காவிலுள்ள கொலராடோ மாகாணத்திலிருந்து எமக்கு ஒரு கடிதம் எழுதினார். அம்மாகாணத்தில் 2012-ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து இசைந்தமையால், 2014 தொடங்கிக் கஞ்சா கடைகளில் வெளிப்படையாக விற்கப்படுகின்றது. அவர்க்கு மாதந்தோறும் பொறுத்தற்கரிய வயிற்றுவலி. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கடையிலிருந்து கஞ்சா கலந்த மிட்டாய் வாங்கித் தந்து, தான் சூலுற்றிருந்தபோது வாந்திக்கும் அதனையே உண்டதாகச் சொன்னாளாம். "அம்மா, அதுவும் ஒரு செடிதானே? நம் வீட்டில் கஷாயம் குடிப்பதில்லையா? எனக்குக் குழந்தை வேண்டும், வலியும் தீரவேண்டும். யாரைக் கேட்பதென்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். வினா எளியது. விடை எளியதன்று. பல நாள் நூல்களையும் ஆய்வேடுகளையும் புரட்டிய பின்னரே யாம் மறுமொழி எழுதினோம். அப்போது திரட்டியவற்றுட் சிலவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

இச்செடி மேனாட்டு மருத்துவத்துட் புகுந்தது நம் நாட்டின் வழியாகவே என்பதை முதலிற் சொல்லவேண்டும். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயன ஆசிரியராயிருந்த வில்லியம் புரூக் ஓஷானெசி என்னும் அயர்லாந்து நாட்டு மருத்துவர், இங்குள்ளோர் கஞ்சாவைப் பயன்படுத்தும் முறைகளைக் கேட்டறிந்து, முதலில் விலங்குகளுக்கும் பின்னர் நோயாளருக்கும் கொடுத்துப் பார்த்து, தாம் கண்டவற்றை 1839-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இந்தியாவிற் பிற்காலத்தே தந்திக்கம்பி நாட்டியவரும் இவரே. ஒருவர் இத்தனை துறைகளிற் கைவைத்தற்கு அக்காலம் இடந்தந்தது. அவர் ஆய்ந்தவை வாதம், இசிவு, வாந்திபேதி முதலியன. ஆயினும் அவர் கொண்டுசென்ற சரக்கினின்று லண்டன் மருந்து வணிகர் சாரம் இறக்கி விற்கத் தொடங்கிய பின்னர், அதனைப் பெண்டிர் நோய்க்குக் கொடுத்துப் பார்த்த மருத்துவர் பலர் ஆயினர். 1851-இல் எடின்பரோ நகரத்து அலெக்சாந்தர் கிறிஸ்டிசன் பிரசவ வேதனையில் இருந்தோர்க்கு அதனைக் கொடுத்து, கருப்பையின் சுருக்கம் வலுப்பெற்றதாக எழுதினார். 1883-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், மிகுந்த உதிரப்போக்கிற்கு இது தக்க மருந்தென ஒருவர் எழுதினார். 1890-இல் ரஸ்ஸல் ரெய்னால்ட்ஸ் என்பார், முப்பது ஆண்டுப் பழக்கத்தைக் கொண்டு, மாதவலியிற் சிலவகைக்கு இது பயன்படும் என 'லான்செட்' இதழில் வரைந்தார்.

இந்த ரெய்னால்ட்ஸ் அரண்மனை மருத்துவருள் ஒருவர். அதனால் விக்டோரியா அரசியாரும் மாதவலிக்குக் கஞ்சா உண்டார் என்றொரு கதை எழுந்து, இன்றளவும் உலவுகின்றது. உண்டார் என்பதற்கு ஆவணம் ஒன்றும் இல்லை. ரெய்னால்ட்ஸ் அக்கட்டுரை வரைந்தபோது அரசியார் எழுபது வயதை எய்தியிருந்தார் என்பதைக் கதை சொல்வோர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடைக்காரர்க்கு இத்தகைய கதைகள் வேண்டும், எமக்கு வேண்டா.

அம்மருந்து வழக்கொழிந்தமைக்குச் சட்டம் மட்டும் காரணமன்று. ஒரு புட்டியிலுள்ள சாரம் கடுமையாயிருக்கும். மற்றொரு புட்டியிலுள்ளது கப்பலிலும் கிடங்கிலும் கிடந்து வலிமையற்றுப் போயிருக்கும். அதனுள் வேலை செய்யும் பொருள் யாதென்பதும் எவர்க்கும் தெரியாது. அளவு தெரியாத மருந்தை எந்த மருத்துவன் நம்பிக் கொடுப்பான்? 1932-இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்தும், 1942-இல் அமெரிக்க மருந்து நூலிலிருந்தும் அது நீங்கிற்று. மருத்துவர் கைவிட்டனர், மாதவலி மட்டும் நீங்கவில்லை.

அவ்வலி இன்னதென்பதை யாம் ஏட்டினின்று கற்றோமல்லேம். எம் தமக்கையார் பதின்மூன்று வயது முதல் மாதத்தில் இரண்டு நாள் பின்கட்டு அறையில் பாயிற் சுருண்டு கிடப்பார். வெந்தயத்தை மோரில் இட்டுக் கொடுப்பர். பெருங்காயத்தைக் கருப்பட்டியில் உருட்டிக் கொடுப்பர். உளுந்தங்களி கிண்டித் தருவர். "கலியாணம் ஆனால் சரியாய்ப் போய்விடும்" என்பார் எம் பாட்டியார். கலியாணம் ஆயிற்று. "ஒரு பிள்ளை பிறந்தால் சரியாய்ப் போய்விடும்" என்றனர். பிள்ளை பிறக்கவில்லை. ஒரு மருத்துவமனையில், "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினர். முப்பத்து நான்காம் வயதில், வயிற்றிற் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே நோக்கிய மருத்துவர் ஒருவரே நோயின் பெயரைச் சொன்னார்: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்பூச்சை ஒத்த தசை, கருப்பைக்கு வெளியே, சினைப்பையின்மீதும் குடலின்மீதும் பிறவிடத்தும் முளைத்து வளர்வதே அந்நோய். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்டிருள் நூற்றுக்குப் பத்துப் பேர்க்கு, உலக முழுவதும் ஏறத்தாழ 19 கோடிப் பேர்க்கு, அஃது உண்டென உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. பெயர் தெரிதற்கு எம் தமக்கையார்க்கு இருபத்தோர் ஆண்டுகள் சென்றன. இதனை எழுத அவர்தம் இசைவு பெற்றோம். அவரைக் கண்டு வளர்ந்தமையால், வலி தாளாது கஞ்சாவை நாடும் ஒருத்தியை இகழ்ந்து பேச எமக்கு நா எழுவதில்லை.

இனி, அச்செடி உடலுள் என்ன செய்கின்றது என்பதைக் காண்போம். 1960-களின் தொடக்கத்தில், இஸ்ரேல் நாட்டு ரெகோவோத் நகரத்து வைஸ்மன் நிறுவனத்தில் ரபேல் மெச்சூலம் என்னும் இரசாயன நூலார் இருந்தார். அவர் காவலர் கைப்பற்றி வைத்திருந்த கஞ்சாப் பிசினில் ஐந்து கிலோகிராம் கேட்டு வாங்கி, பையிலிட்டுப் பேருந்தில் எடுத்து வந்தாராம். உடன் வந்தோர் அஃதென்ன மணம் என்று வியந்தனராம். 1964-இல் அவரும் யெஹியேல் கயோனி என்பாரும் மயக்கந்தரும் பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை வெளியிட்டனர். அதன் பெயர் டெட்ராஹைட்ரோகன்னாபினால், டி.எச்.சி. எனச் சுருங்க வழங்கும். அப்பொருள் மூளையில் எதனைப் பற்றி வேலை செய்கின்றது என்பது மேலும் பல ஆண்டுகள் புலப்படவில்லை. 1988-இல் அமெரிக்காவில் அல்லின் ஹௌலெட் என்னும் அம்மையாரும் அவர்தம் மாணவர் வில்லியம் டெவேனும், மூளையணுக்களில் அதற்கெனவே அமைந்த பற்றிடம் ஒன்று இருத்தலைக் காட்டினர். பூட்டிற்குத் திறவுகோல் போல, அப்பற்றிடத்திற் பொருந்தும் பொருளே அணுவை ஏவும். இத்தகைய பற்றிடத்தை ஏற்பி என்பர். இதற்கு சி.பி.1 ஏற்பி என்று பெயரிட்டனர்.

செடிக்காக நம் உடல் பூட்டுச் செய்து வைத்திராது அன்றோ? ஆகவே உடலிலேயே திறவுகோல் இருத்தல் வேண்டும் என்று கருதித் தேடினர். 1992-இல், எருசலேமில் மெச்சூலத்தின் ஆய்வுக்கூடத்தில், டெவேனும் லுமிர் ஹனுஷும் பன்றியின் மூளையினின்று அதனைப் பிரித்தெடுத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ஆனந்தமைடு. நம் ஆனந்தம் என்னும் வடசொல்லையே எடுத்து இரசாயனப் பெயரோடு ஒட்டினர். 1995-இல் இதனையொத்த மற்றொரு பொருளும் கண்டறியப்பட்டது. இப்பொருள்களும், இவற்றின் ஏற்பிகளும், இவற்றை ஆக்கவும் அழிக்கவும் உள்ள நொதிகளும் சேர்ந்த அமைப்பினை எண்டோகன்னாபினாய்டு மண்டலம் என்கின்றனர். உடலுக்கே உரியதொன்றை அச்செடியின் பெயரால் வழங்குதல், கள்ளத் திறவுகோலுடன் வந்தவன் பெயரை வீட்டுக்காரனுக்கு இட்டதுபோல எமக்குத் தோன்றுகின்றது. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது.

இம்மண்டலத்திற் கருதத்தக்கது அதன் சிக்கனம். ஆனந்தமைடை உடல் களஞ்சியத்திற் சேர்த்து வைப்பதில்லை. வேண்டிய இடத்தில், வேண்டிய பொழுதில், அணுவின் மென்படலத்துக் கொழுப்பினின்று ஆக்கிக்கொள்ளும். பணி முடிந்த அளவில் நொதி ஒன்று அதனைச் சிதைத்துவிடும். டி.எச்.சி.யோ கொழுப்பிற் புகுந்து நாட்கணக்கில் தங்கும். நெடுநாட் பழகியவர் உடலில் வாரக்கணக்கிலும் தங்கும். உடலின் பொருள் வாயிலில் நின்று ஒரு சொற் சொல்லி மீளும் தூதனை ஒக்கும். செடியின் பொருள் வந்து தங்கிவிடும் விருந்தாளியை ஒக்கும்.

இவ்வேறுபாடு மூளையைக் காட்டிலும் கருப்பையில் எத்துணை முதன்மை வாய்ந்தது என்பதை வெளிப்படுத்தியவருள் தலையாயவர், இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு நடத்திய சுதான்சு தே என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆவர். எலியின் கருப்பையிற் சி.பி.1 ஏற்பி இருத்தலை 1995-இல் அவர்கள் காட்டினர். 1997-இல் காட்டியது இன்னும் வியப்பானது. கருப்பை கருவை ஏற்கும் நிலையில் இல்லாத காலத்து ஆங்கே ஆனந்தமைடு மிகுந்திருக்கின்றது. ஏற்கும் காலம் வருங்கால் குறைகின்றது. ஒரே கருப்பையினுள்ளும், கரு பதியும் இடத்திற் குறைந்தும் கருவற்ற இடைவெளியில் மிகுந்தும் நிற்கின்றது. கருவும் அதனை உணரும் ஏற்பிகளை உடையது. சிற்றளவு ஆனந்தமைடு கருவைப் பதிதற்கு எழுப்புகின்றது. அளவு சில மடங்கு கூடின், அதுவே கருவைத் தடுத்து நிறுத்துகின்றது என்பது 2003-இல் தெரியவந்தது.

கரு கருப்பையை அடைதற்கு முன்னர்க் கருக்குழாயின் வழியே வரவேண்டும். சி.பி.1 ஏற்பி இல்லாது பிறப்பிக்கப்பட்ட எலிகளில் கருக்கள் குழாயிலேயே சிக்கிக் கிடந்தன. சரி, ஏற்பி இல்லாமையே குற்றம் எனலாமோ? ஆகாது. ஏற்பியுள்ள எலிகளுக்கு அதனைத் தூண்டும் பொருளை மிகையாகக் கொடுத்தபோதும் கருக்கள் சிக்கிக் கிடந்தன. இது 2004-இல் வெளியாயிற்று. குழாயின் தசை சுருங்குதலும் நெகிழ்தலும் மாறி மாறி நிகழ்ந்தாலன்றிக் கரு நகராது. அத்தாளத்தைக் குறைவும் கெடுக்கும், மிகையும் கெடுக்கும். கருக்குழாயிலேயே கரு தங்கி உயிருக்கு ஊறு விளைக்கும் நிலையை நம் பெண்டிர் அறிவர். அந்நிலையுற்ற மகளிரின் குழாய்களில் இவ்வேற்பி குறைந்திருத்தல் 2008-இல் கண்டறியப்பட்டது.

எலியிற் கண்டதனை மனிதர்க்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் அறிவுடைமை ஆகாது. ஆதலின் மகளிரிடத்துக் கண்டவற்றையும் சொல்லுதும். இத்தாலிய ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டில், ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதி இரத்தத்து வெள்ளணுக்களிற் குறைந்திருந்த மகளிர்க்குக் கரு கலைதல் நேர்ந்ததைக் காட்டினர். மாதச் சுழற்சியில் சினைமுட்டை வெளிப்படும் காலத்தை ஒட்டி இரத்தத்து ஆனந்தமைடு உயர்ந்து, பின்னர்த் தாழ்கின்றது. சூல் தங்கிய மாதங்களிற் குறைந்திருக்கும் அது, பிரசவ வேதனை தொடங்குங்கால் மீண்டும் உயர்கின்றது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தார் 2004-இல் இதனை அளந்தனர். கிறிஸ்டிசன் 1851-இல் கண்டு எழுதியதனை இச்செய்தியோடு வைத்து நோக்குவார்க்கு ஒரு புன்முறுவல் தோன்றலாம்.

செடியை உண்போர் நிலை யாது? பெண் குரங்குகளுக்கு டி.எச்.சி. கொடுத்தபோது அவற்றின் மாதச் சுழற்சி பல மாதம் நின்று, பின்னர் உடல் அதற்குப் பழகியதும் மீண்டமை 1983-இல் அறியப்பட்டது. கருவை நாடும் மகளிரிடத்து நடந்த ஆய்வுகளோ ஒருமுகமாய் இல்லை. 2018-இல் பாஸ்டன் நகரத்தார், நாலாயிரத்திற்கு மேற்பட்ட பெண்டிரை ஆய்ந்து, கஞ்சாவினாற் கருவுறுதல் குறைந்ததாகக் காணவில்லை என்றனர். 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வில், முன்னரே ஓரிரு முறை கருக்கலைந்த 1,228 மகளிருள், கஞ்சா உண்டோர்க்கு மாதந்தோறும் கருவுறும் வாய்ப்பு 41 விழுக்காடு குறைந்திருந்தது. ஆயின் உண்டவர் 62 பேரே. இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி முழக்குவோர் இரு திறத்தும் உளர். யாம் இரண்டனையும் சொல்லி விடுகின்றோம்.

சூலுற்ற பின்னர் அத்துணை ஐயம் இல்லை. 2023-இல் அமெரிக்காவில் வெளியான பேராய்வு ஒன்று 9,257 தாய்மாரைப் பற்றியது; உண்டதை மறைத்தாலும் வெளிப்படுமாறு சிறுநீரைச் சோதித்துச் செய்யப்பட்டது. குழந்தை எடை குறைதல், தாயின் இரத்த அழுத்தம் உயர்தல், மருத்துவரே முன்கூட்டிப் பிரசவிக்கச் செய்ய நேர்தல், இறந்து பிறத்தல் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தது, கஞ்சா உண்டோருள் நூற்றுக்கு 25.9 பேர்க்கு, உண்ணாதோருள் 17.4 பேர்க்கு. புகையிலை முதலியவற்றால் வரும் வேறுபாட்டைக் கழித்த பின்னரும் தீங்கு 1.27 மடங்காக நின்றது. நச்சுக்கொடி என நம்மவர் வழங்கும் உறுப்பே இவ்வூறுகளுக்கு நிலைக்களம். பாலூட்டுவோரும் அறியவேண்டுவது ஒன்றுண்டு. 2018-இல் சோதித்த 54 பாற்கூறுகளுள் 34-இல் டி.எச்.சி. இருந்தது, உண்ட ஆறு நாட் கழித்தும் இருந்தது.

பாட்டன்மார் காலத்துக் கஞ்சாவும் இக்காலத்துக் கஞ்சாவும் ஒன்றல்ல என்பதும் நினைக்கத்தக்கது. கஞ்சா எனப்படுவது மகரந்தம் சேராத பெண்செடியின் பூங்கொத்தே. விதை பற்றிவிட்டாற் பிசின் குன்றும் என்று அறிந்து, வங்காளத்து உழவர் ஆண்செடிகளைத் தேடிப் பிடுங்கி எறிந்தனர். அக்கலையை அமெரிக்கர் இரசாயனத்தோடு சேர்த்து வளர்த்துவிட்டனர். ஆங்குக் காவலர் கைப்பற்றிய சரக்கில் 1995-இல் நூற்றுக்கு 4 பங்காக இருந்த டி.எச்.சி., 2014-இல் 12 பங்காயிற்று.

இவையெல்லாம் தெரிந்திருந்தும் கடைகள் என்ன சொல்லுகின்றன? 2018-இல் கொலராடோ ஆய்வாளர் ஒருவர், எட்டு வாரச் சூலுற்ற பெண்போலத் தொலைபேசியில் 400 கடைகளைக் கேட்கச் செய்தார். வாந்திக்குக் கஞ்சா உண்ணலாம் என்று கூறிய கடைகள் நூற்றுக்கு 69. விற்பவன் மருத்துவன் ஆகிவிட்டான்.

இனி வலியைப் பற்றி ஒரு சொல். ஆஸ்திரேலியாவில் எண்டோமெட்ரியோசிஸ் உடைய 484 மகளிரைக் கேட்டபோது, 13 விழுக்காட்டினர் கஞ்சா உண்டதாகவும், தாம் கைக்கொண்ட வழிகளுள் அதுவே மிக்க பயன் தந்ததாகவும் 2019-இற் சொல்லினர். புறத்தே முளைத்த தசையினுட் செல்லும் நரம்பிழைகளிற் சி.பி.1 ஏற்பி இருத்தலும் 2010-இற் காணப்பட்டது. ஆகவே அவர்கள் சொல்லை வெறும் மயக்கம் என்று தள்ளுதல் முறையன்று. ஆனால் தாமே உண்டு தாமே மதிப்பிட்ட சொல் மருந்துச் சோதனை ஆகாது. ஒரு சாரார்க்கு மருந்தும் மறு சாரார்க்கு வெற்றுமாத்திரையும் கொடுத்து, எவர் எதனை உண்டார் என்பது தெரியாது அளக்கும் பெருஞ்சோதனை வேண்டும். ஓஷானெசி எழுதி ஒன்றே முக்கால் நூற்றாண்டிற்கு மேலாயிற்று. ஆண்களின் நோயாயிருந்தால் இத்துணைக் காலம் கிடந்திருக்குமோ என்று எம் தமக்கையார் கேட்டார். எம்மிடம் விடையில்லை.

நம் நாட்டில், 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கஞ்சாவை வைத்திருத்தலும் உட்கொள்ளுதலும் தண்டனைக்குரிய குற்றம் என்பதை இங்குள்ள மாணவர் மறவாதிருப்பாராக.

கொலராடோவிலுள்ள மாணவிக்கு யாம் எழுதியது இது. செடி என்பதனால் ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது. எட்டியும் செடிதான், அரளியும் செடிதான். கருவுற்றவளைப் பப்பாளிக்காயும் எள்ளும் தின்னாதே என்று விலக்கும் நம் பாட்டிமாரும் இதனை அறிந்தவரே. குழந்தையை நாடும் நாளில் மிட்டாயை அறவே விடுக. சூல் தங்கிய பின்னரும், பாலூட்டும் காலத்தும் தொடாதிருக்க. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கழகமும் இங்ஙனமே கூறுகின்றது. வாந்திக்கு மருத்துவர் தரும் மருந்துகள் உண்டு. வலிக்குக் காரணம் யாதென்று பார்க்கச் செய்க. 'எல்லார்க்கும் உள்ளதுதான்' என்பாரிடம் நில்லாது வேறொருவரிடம் செல்க.

அவர் விடை எழுதினார். மருத்துவரிடம் நாட்குறித்துவிட்டாராம். "உண்டதைச் சொல்லலாமா, அம்மா? சில மாகாணங்களில் சூலுற்றவள் உண்டது தெரிந்தால் குழந்தைகள் நலத்துறைக்கு எழுதிவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்" என்று கேட்டிருந்தார். அத்தகைய விதியுள்ள மாகாணங்கள் உண்மையாகவே உள. அவ்வச்சத்தாற் பல தாய்மார் மருத்துவரை நாடாது ஒளிந்துகொள்ளுகின்றனர். கடைக்காரனிடமே மீண்டும் கேட்கின்றனர். எம் மாணவி இன்னும் சூலுறவில்லை. ஆதலின், எத்தனை நாள், எவ்வளவு என்பதை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு போய், முதலிலேயே அவரிடம் கொடுத்துவிடுமாறு எழுதினோம்.